எல்லோரும் கல்யாணச் சாவு என்கிறார்கள், எனக்குத்தான் தொண்டை அடைக்கிறது

அன்புள்ள ஆலோசகருக்கு,

வணக்கம். எனக்கு 54 வயது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிப் பக்கம் ஒரு கிராமம். அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். போன ஆவணியில் என் மாமியார் இறந்துபோனார். அவருக்கு 87 வயது. 33 வருடம் அவரை அத்தை என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அத்தை ஆரம்பப் பள்ளி ஆசிரியை. தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சாவுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து ஊரே அசந்துபோனது. மூன்று தலைமுறை மாணவர்கள் வந்திருந்தார்கள். தப்பு, வெடி எல்லாம் வைத்து, பேரன் பேத்தியிலிருந்து கொள்ளுப்பேத்தி வரைக்கும் நெய்ப்பந்தம் பிடித்து, ஒரு குறையும் இல்லாமல் அனுப்பிவைத்தோம். நான் மூலையில் உட்கார்ந்து அழுதபோது சொந்தக்காரப் பெரியம்மா ஒருத்தர் தோளைத் தட்டி, "கல்யாணச் சாவுடி, அழுவாத, நல்லா வாழ்ந்து போன மனுசி" என்றார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது என் நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே அண்ணிக்கு விடுதலை" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த வார்த்தை இன்னும் நெஞ்சில் முள் மாதிரி குத்திக்கொண்டே இருக்கிறது.

இப்போது முதல் வருட நினைவு நாள் நெருங்குகிறது. பழைய மாணவர்கள் பள்ளிக்கூடத்தில் அத்தையின் படத்தை வைக்கிறார்கள், குடும்பத்தின் சார்பில் ஒரு நினைவு மலர் போடுகிறோம். சென்னையில் இருக்கும் கொழுந்தனார் போன் செய்து, "அண்ணி, கடைசி வரைக்கும் கூட இருந்தது நீங்கதான், முதல் கட்டுரையை நீங்கதான் எழுதணும்" என்று சொல்லிவிட்டார். ஒரு நோட்டு வாங்கி வைத்து மூன்று வாரம் ஆகிறது. "எங்கள் அத்தை" என்று எழுதியதோடு நிற்கிறது. அவரைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது, உட்கார்ந்தால் அந்தக் கடைசி இரண்டு வருடம்தான் கண் முன்னால் வந்து நிற்கிறது.

எழுத ஒன்றும் இல்லாத வாழ்க்கை இல்லை அது. 1937-இல், சமஸ்தானக் காலத்தில் பிறந்தவர். அரண்மனையில் நவராத்திரிக்குக் கொடுத்த அம்மன் காசு ஒன்றைக் கடைசி வரை டிரங்குப் பெட்டியில் துணியில் சுற்றி வைத்திருந்தார். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த 1948-இல் அவருக்குப் பதினோரு வயது. கல்யாணமான மறு வருடம், 1957-இல் வேலைக்குச் சேர்ந்தார். காமராஜர் மதிய உணவு கொண்டுவந்த புதிது. சோறு போட ஆரம்பித்த பிறகுதான் ஆடு மேய்க்கப் போன பிள்ளைகள் பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைகாட்டினார்கள் என்பார். அதற்கும் வராத பிள்ளைகளை வீட்டுக்கே போய்க் கூட்டி வருவார். பெண் பிள்ளையை நிறுத்தி வைத்திருக்கும் வீட்டில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "முத்துலட்சுமி ரெட்டி யாரு தெரியுமா, நம்ம புதுக்கோட்டைப் பொண்ணு, மகாராஜா காலேஜ்ல அத்தனை ஆம்பளப் பசங்களுக்கு நடுவுல ஒத்தப் பொண்ணா உக்காந்து படிச்சவ, அப்புறம் டாக்டர் ஆனா" என்று ஆரம்பித்தார் என்றால் அந்த வீட்டில் "சரி டீச்சர், நாளைக்கு அனுப்புறோம்" என்று சொல்லும் வரை எழுந்திருக்க மாட்டார்.

1978-இல் மாமா இறந்துவிட்டார். நான்கு பிள்ளைகள், கடைசிக்கு ஆறு வயது. முப்பது நாள் கழித்துக் கலர் சேலை கட்டிக்கொண்டு, குடையும் கைப்பையுமாகப் பள்ளிக்கூடம் போனதை ஊர் எப்படிப் பேசியது என்று அத்தையே சொல்லியிருக்கிறார். அதே வருடம்தான் எழுத்தையும் மாற்றினார்கள். துதிக்கை மாதிரி மேலே சுழி வைத்த லை, னை எல்லாம் போய் இப்போது எழுதுகிற மாதிரி வந்தது. "வீட்டுலயும் புதுசா ஆரம்பிச்சேன், போர்டுலயும் புதுசா ஆரம்பிச்சேன்" என்பார். தினமும் ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு, அரிக்கேன் வெளிச்சத்தில் அந்த எழுத்துகளைச் சிலேட்டில் எழுதிப் பழகுவாராம். இருபது வருடம் எழுதிய கை சும்மா மாறுமா?

1991-இல் நான் இந்த வீட்டுக்கு வந்தேன். பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். அது அறிவொளி இயக்கம் தொடங்கிய வருடம், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். சாயங்காலம் ஆனால் அத்தை கல்குவாரியில் வேலை பார்க்கும் பெண்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கப் போவார், என்னையும் இழுத்துக்கொண்டு போவார். அப்போதுதான் பெண்கள் எல்லோரும் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளிலேயே பழகினோம். அத்தைக்கு அப்போது 54, இப்போது எனக்கு இருக்கும் வயது. கண்மாய்க் கரையில் நான் ஒரு பக்கம், என் கணவர் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு ஓட, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அவர் மிதித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. 1992 மகளிர் தினத்தன்று புதுக்கோட்டையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனபோது நாங்கள் இரண்டு பேரும் அதில் இருந்தோம். மாமியாரும் மருமகளும் ஒன்றாகச் சைக்கிள் விட்டதை ஊர் கதை கதையாகப் பேசியது. என்னை ப்ளஸ் டூ எழுத வைத்தது அவர்தான். அங்கன்வாடி வேலைக்கு விண்ணப்பம் வாங்கி வந்து, நிரப்பி, கையெழுத்து மட்டும் போடச் சொன்னதும் அவர்தான்.

1995-இல் ஓய்வு பெற்ற மறுநாளே வேப்பமரத்தடியில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக்கொண்டார், காசு வாங்கமாட்டார். பென்ஷன் வந்தால் நாற்பது பக்க நோட்டில் கணக்கு எழுதி, எந்தப் பேரனுக்குப் பீஸ், எந்தப் பேத்திக்குச் செருப்பு என்று பிரித்து வைப்பார். கொரோனா நேரத்தில், 2021-இல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது, தெருவில் தன்னார்வலராக இருந்த பெண்ணைக் கூப்பிட்டு, "நம்ம திண்ணையிலயே நடத்து தாயி" என்றார். 84 வயதில் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை சொன்னார்.

மற்றதையும் எழுதிவிடுகிறேன். அவர் சொன்னதுதான் வீட்டில் சட்டம். என் இரண்டாவது மகளுக்குப் பெயர் வைத்தது அவர்தான், என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கன்வாடியில் மேற்பார்வையாளர் ஆகும் வாய்ப்பு ஒரு தடவை வந்தது. வேறு வட்டாரத்துக்குப் போக வேண்டும். "வீட்டை யார் பாக்குறது" என்று அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நான் ஒன்றும் பேசவில்லை. அவர் எனக்குச் செய்தது எவ்வளவோ, இதைப் போய்ப் பெரிதாக நினைப்பதா என்று விட்டுவிட்டேன்.

2022-இல் மறதி ஆரம்பித்தது. முதலில் கண்ணாடி, சாவி, அப்புறம் சாப்பிட்டது. டாக்டர் டிமென்ஷியா என்றார். என்னைப் பார்த்து, "யாரு நீ, என் பெட்டியைத் திறந்து வளையலை எடுத்துட்டே" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தியிருக்கிறார். பேப்பர் ஓரத்தில் ஏதாவது எழுதிக்கொண்டிருப்பார், பார்த்தால் பழைய லை, பழைய னை. "அவுக சாப்பிட்டாச்சா" என்று மாமாவைக் கேட்பார். பொழுது சாய்ந்தால் இருப்புக்கொள்ளாது. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து அட்டெண்டன்ஸ் எடுப்பார். 38 பெயர், தினமும் அதே பெயர்கள், அதே வரிசை. பார்க்க வந்த பழைய மாணவர் ஒருவர் கேட்டுவிட்டு, "இது எங்க கிளாஸ் அக்கா, எழுபத்தி நாலு, புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆன வருசம், அஞ்சாப்பு" என்று சொல்லிக் கண் கலங்கினார். நான் சமையல்கட்டில் இருந்தபடியே ஒவ்வொரு பெயருக்கும் "உள்ளேன் டீச்சர்" சொல்வேன். சொன்னால்தான் அவர் அமைதியாவார். பதினேழாவது பெயரை மட்டும் இரண்டு தடவை கூப்பிடுவார், ஏனென்று தெரியாது. போகப்போக அடுத்த பெயர் எது என்று அவருக்கு முன்னால் எனக்கே வந்துவிடும்.

போன வருடம் சித்திரையில் ஒரு நாள். அங்கன்வாடியில் கணக்கெடுப்பு, வெயில், முதல் நாள் ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை, நானும்தான். சாயங்காலம் ஆரம்பித்தார். நான் பதில் சொல்லவில்லை. முதல் பெயரையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். நான் உள்ளே வந்து, "பள்ளிக்கூடம் முடிஞ்சு இருபத்தொம்பது வருசம் ஆச்சு, நீங்க டீச்சரும் இல்ல, ஒண்ணும் இல்ல, பேசாம படுங்க" என்று கத்திவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். அடி வாங்கின பிள்ளை மாதிரி பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டார். அதற்கப்புறம் அவர் அட்டெண்டன்ஸ் எடுக்கவே இல்லை. நான்கு மாதத்தில் போய்விட்டார்.

இதை யாரிடமும் சொன்னதில்லை, என் கணவரிடம்கூட. ஆயிரம் பிள்ளைகளுக்கு டீச்சராக இருந்தவரிடம், நீ டீச்சரே இல்லை என்று நான் சொல்லியிருக்கிறேன். எந்தக் கையால் அவரைப் பற்றி எழுதுவது? ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் இல்லை. பள்ளிக்கூட மணிச் சத்தம் கேட்டால் நெஞ்சு அடைக்கிறது. வேலைக்குப் போகிறேன், சமைக்கிறேன், எல்லாம் நடக்கிறது. பத்து மாதம் ஆகியும் இப்படி இருப்பது சரியா? மாமியாருக்காக மருமகள் இவ்வளவு அழலாமா? என்ன எழுத, எப்படி எழுத?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி


அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒரு வரிகூட எழுத வரவில்லை என்று சொல்பவர் எழுதிய கடிதம் மாதிரி அது இல்லை. அதை அப்புறம் பேசுவோம். நீங்கள் யாரிடமும் சொல்லாத அந்தச் சித்திரை மாதச் சாயங்காலம்தான் மற்ற எல்லாவற்றின் வாசலையும் அடைத்துக்கொண்டு கிடக்கிறது, அதை முதலில் பார்ப்போம்.

நீங்கள் கத்தியது தப்பா என்று கேட்டால், அந்த வார்த்தை அவரைக் காயப்படுத்தியிருக்கும், ஆமாம். அதை இல்லை என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன், சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தால்தான் அவர் பெயர் கூப்பிடுவதை நிறுத்தினார், அதனால்தான் நான்கு மாதத்தில் போனார் என்று நீங்கள் கட்டியிருக்கும் கணக்கை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இந்த நோய் முற்ற முற்றப் பேச்சே குறையும். நேற்று வரை தினமும் செய்ததை இன்று விட்டுவிடுவது, பாட்டை விடுவது, பெயரை விடுவது, கடைசியில் விழுங்குவதையே மறப்பது, எல்லாம் அந்த நோயின் போக்கில் வருவதுதான். புதிதாக நடப்பதை மனதில் பதித்து வைக்கும் சக்தியைத்தான் அது முதலில் பறிக்கும். நீங்கள் கத்தியது மறுநாள் காலையில் அவர் நினைவில் இருந்திருக்கும் என்று எண்ண எனக்குக் காரணம் தெரியவில்லை. மனசின் ஓரத்தில் ஒரு கலக்கம் கொஞ்ச நேரம் தங்கியிருக்கலாம், அது உண்மை. இந்தப் பத்து மாதமாக அந்தச் சாயங்காலத்தைச் சுமந்துகொண்டிருப்பது நீங்கள் மட்டும்தான்.

இன்னொன்று. ஒன்றரை, இரண்டு வருடம் தினமும் சாயங்காலம் 38 பெயருக்கு "உள்ளேன் டீச்சர்" சொல்லியிருக்கிறீர்கள். பெருக்கிப் பாருங்கள், எத்தனை ஆயிரம் தடவை. டிமென்ஷியா வந்தவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கிற முக்கியமான பாடமே இதுதான்: அவர்களோடு வாதாடாதீர்கள், "அது இல்லை, இது இன்று" என்று திருத்தாதீர்கள், அவர்கள் நிற்கும் காலத்துக்கே போய்க் கூட நில்லுங்கள். பயிற்சி எடுத்தவர்களே இதில் தடுமாறுவார்கள். நீங்கள் யாரும் சொல்லித் தராமல், அடுப்பில் குழம்பு கொதிக்கக் கொதிக்க இதைச் செய்திருக்கிறீர்கள். ஒரே ஒரு நாள் உடைந்துபோனீர்கள். அதுவும் முதல் நாள் ராத்திரி கண் மூடாமல், பகல் முழுக்க வெயிலில் அலைந்துவிட்டு வந்த பிறகு.

"யாரு நீ, வளையலை எடுத்துட்டே" என்றாரே, அதைப் பற்றியும் பேசியாக வேண்டும். நீங்கள் அதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், எனக்கு அப்படிக் கடக்க முடியவில்லை. உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. அவர் எழுதியது பழைய லை. மாமாவை "சாப்பிட்டாச்சா" என்று கேட்டார். கூப்பிட்டது 1974 வகுப்பின் பெயர்கள். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எல்லாமே 1978-க்கு முந்தியவை. நோய் பக்கத்தில் உள்ள வருடங்களிலிருந்து பின்னோக்கி அழித்துக்கொண்டே போய், எழுத்து மாறுவதற்கு முன்னால், கணவர் சாவதற்கு முன்னால் இருந்த ஒரு வீட்டில் அவரைக் கொண்டுபோய் விட்டிருக்கிறது. அந்த வீட்டில் மூத்த மகன் பள்ளிக்கூடம் போகும் சின்னப் பையன். மருமகள் என்று ஒருத்தியே அங்கே கிடையாது. முன்பின் தெரியாத ஒரு பெண் தன் பெட்டியைத் திறப்பதை அவர் பார்க்கிறார். கத்தாமல் என்ன செய்வார்? வைத்த இடம் மறந்த பொருளை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று நம்புவது இந்த நோயில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது, பழி விழுவது பெரும்பாலும் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறவர் மேல்தான். தெருவுக்குக் கேட்கும்படி அப்படிச் சொன்னபோது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யாராவது கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது கொஞ்சம் கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். நான் சொல்வது பொருந்தவில்லை என்றால் தள்ளிவிடுங்கள். கோபத்தில் வாயில் வரக்கூடிய வார்த்தைகள் எத்தனையோ இருக்க, உங்கள் வாயில் வந்தது "நீங்க டீச்சரும் இல்ல" என்பது. அவரிடம் இருந்ததிலேயே பெரிய சொத்தை, அந்தப் பெயரை, பிடுங்கினீர்கள். அதற்கு இரண்டு பத்தி முன்னால்தான் மேற்பார்வையாளர் வேலையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஒரே வார்த்தையில் அது முடிந்துபோனது, நீங்கள் ஒன்றும் பேசவில்லை. கணவர் போன முப்பதாவது நாள் ஊர் வாயை மதிக்காமல் குடை பிடித்து வேலைக்குப் போன பெண், தன் மருமகளிடம் "வீட்டை யார் பாக்குறது" என்று கேட்டிருக்கிறார். அவர் தன் காலத்தில் எவ்வளவு தூரம் நடந்துவிட்டார் என்பதும் உண்மை, அந்த இடத்தில் நின்றுவிட்டார் என்பதும் உண்மை. உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு பெயர் அன்றைக்குக் கிடைக்காமல் போனது. அந்தக் கோபத்தை, "அவர் எனக்கு எவ்வளவோ செய்தாரே" என்ற நன்றியைப் போட்டு மூடி வைத்தீர்கள். தூக்கம் கெட்ட ஒரு சாயங்காலம் மூடி கழன்றுவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். நன்றி இருக்கும் இடத்தில் கோபம் இருக்கக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. கோபம் இருப்பதால் பாசம் பொய்யும் ஆகாது. 33 வருடம் ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் இருந்த இரண்டு பெண்களுக்கு நடுவில் இரண்டுமே இல்லாமல் இருந்தால்தான் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

கல்யாணச் சாவு என்ற வார்த்தைக்கு வருவோம். அந்த வழக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். நிறைந்த வயதில் போனவரை மேளத்தோடும் வெடியோடும் அனுப்பிவைப்பது ஊர் ஒரு மனுசிக்குச் செய்யும் பெரிய மரியாதை. அந்த மரியாதை போனவருக்கு உரியது. இருக்கிறவர்கள் அழக்கூடாது என்று அதற்கு எப்போது அர்த்தம் வந்தது? 87 வயது என்றால் இழப்பு சின்னது என்று கணக்குப் போடுகிறார்கள். உங்களுக்கு அது வேறு மாதிரி, 20 வயதில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து 53 வயது வரை தினமும் காலையில் பார்த்த முகம் அது. பெற்ற தாயோடு இருந்ததைவிட அதிக வருடம் அவரோடு இருந்திருக்கிறீர்கள். அதனால் மருமகள் இவ்வளவு அழலாமா என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வியை இதோடு விட்டுவிடுங்கள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மகன்களிடமும் மகள்களிடமும் பேசிவிட்டுப் போயிருப்பார்கள், உங்களிடம் காபி வாங்கிக் குடித்திருப்பார்கள். சமூகம் அங்கீகரிக்காத துக்கம் என்று இதற்கு எங்கள் துறையில் ஒரு பெயரே உண்டு. கென்னத் டோக்கா என்பவர் 1980-களில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். உனக்கு அழ உரிமை இல்லை என்று சுற்றி இருப்பவர்கள் நினைக்கும்போது துக்கம் கரையாது, உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதுதான் விஷயம். நாத்தனார் சொன்ன "விடுதலை" முள்ளாகக் குத்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ராத்திரி முழிக்க வேண்டாம், படுக்கைத் துணி துவைக்க வேண்டாம் என்று உங்கள் உடம்பு ஒரு நாளாவது நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்கும். அதை நினைத்து வெட்கப்பட்டிருப்பீர்கள். களைத்த உடம்பு ஓய்வு கேட்டது, அவ்வளவுதான். பெருமூச்சும் அழுகையும் ஒரே நாளில் வரலாம்.

பத்து மாதம் சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். துக்கம் ஐந்து படிகளாக வரிசையாக வந்து முடிந்துவிடும் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969-இல் அதை எழுதியது, சாவை எதிர்நோக்கி இருந்த நோயாளிகளோடு பேசிப் பார்த்து. இழந்தவர்கள் இத்தனை மாதத்தில் இந்தப் படிக்கு வந்துவிட வேண்டும் என்ற கால அட்டவணை அதில் இல்லை. மறந்தால்தான் தேறமுடியும் என்று முன்பு சொல்வார்கள், இப்போது எங்களில் பலர் அப்படிச் சொல்வதில்லை. போனவரோடு உறவு வேறு மாதிரி தொடரும், தொடரலாம். நாம்தான் வருடா வருடம் திதி கொடுத்து, பிடித்த பலகாரத்தை இலையில் வைத்துப் படைக்கிறோமே, நமக்கு இது புதிதா என்ன?

உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். வேலைக்குப் போகிறீர்கள், சமைக்கிறீர்கள், வீடு நடக்கிறது, அதெல்லாம் நல்லது. ஆனால் ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டியும் துக்கத்தின் வேகம் குறையாமல், அன்றாட வாழ்க்கையையே முடக்கினால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டிய நிலை என்று மருத்துவம் சொல்கிறது. நீங்கள் அங்கே இருக்கிறீர்கள் என்று கடிதத்தை வைத்து நான் சொல்லமாட்டேன். மூன்று மணிக்கு முழிப்பதும் மணிச் சத்தத்தில் நெஞ்சு அடைப்பதும் மாதக்கணக்கில் தொடர்ந்தால் அதை அப்படியே விடக்கூடாது. 54 வயதில் நெஞ்சு அடைத்தால் முதலில் பிரஷர், சர்க்கரை, ஈசிஜி பார்த்துவிடுங்கள், இதை நாளைக்கு என்று தள்ளவேண்டாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. வாழ்ந்து என்ன பயன் என்ற மாதிரி நினைப்பு எப்போதாவது வந்தால் அன்றைக்கே கூப்பிடுங்கள்.

உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அந்தச் சாயங்காலத்தை, நீங்கள் எனக்கு எழுதிய அதே வார்த்தைகளில். அவர் கோபப்படுவார் என்று பயமாக இருக்கலாம். சைக்கிளின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஓடியவர் அவர். அம்மா பெயர் கூப்பிடுவதை நிறுத்தியதை அவரும்தான் கவனித்திருப்பார், அவருக்குள்ளும் ஏதாவது இருக்கும். அப்புறம் அத்தைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். மலருக்கு இல்லை, உங்களுக்கும் அவருக்கும் மட்டும். கத்தியதற்கு மன்னிப்புக் கேளுங்கள், மேற்பார்வையாளர் வேலையை ஏன் தடுத்தீர்கள் என்றும் கேளுங்கள், இரண்டும் ஒரே கடிதத்தில் இருக்கட்டும். மகள் பெயரைப் பற்றியும் எழுதுங்கள். எழுதி முடித்ததும் அந்த அம்மன் காசு இருக்கும் டிரங்குப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

இப்போது மலர். "எங்கள் அத்தை" என்று ஆரம்பித்ததால்தான் நின்றுவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படி ஆரம்பித்தால் அடுத்த வரி "கல்விக்காகத் தன்னையே அர்ப்பணித்தவர்" என்றுதான் வரும். அது அவருக்கும் பொருந்தும், தமிழ்நாட்டில் யார் படத்துக்கும் கீழே எழுதலாம். அரிக்கேன் வெளிச்சத்தில் சிலேட்டில் புது லை எழுதிப் பழகிய 41 வயதுப் பெண்ணை உங்களைத் தவிர யார் எழுதுவார்கள்? எனக்கு அனுப்பிய கடிதத்தின் முன்பாதியை அப்படியே நோட்டில் நகல் எடுங்கள், முக்கால் கட்டுரை முடிந்துவிட்டது. கண்மாய்க் கரையையும் சைக்கிளையும் விட்டுவிடாதீர்கள். "நாளைக்கு அனுப்புறோம்" என்று சொல்லும் வரை எழுந்திருக்காத அந்தத் திண்ணையையும். அவர் சொன்னதுதான் சட்டம் என்பதையும் எழுதலாம், பிள்ளைகள் நால்வரும் படித்துவிட்டுச் சிரித்துத் தலையாட்டுவார்கள், அவர்களுக்குத் தெரியாததா. மற்றதைத் தனியாளாகச் சுமக்க வேண்டாம். பென்ஷன் கணக்கு நோட்டைக் கொழுந்தனாரிடம் கொடுத்து, யார் யாருக்கு என்ன செய்தார் என்று அவரை எழுதச் சொல்லுங்கள். நாத்தனார்கள் பள்ளிக்கூடத்து அம்மாவை எழுதட்டும், மகளாக அதே வகுப்பில் உட்கார்ந்திருந்தால் அதுவே ஒரு தனிக் கதை. திண்ணையில் இல்லம் தேடிக் கல்வி நடத்திய அந்தப் பெண்ணிடமும் அரைப் பக்கம் கேளுங்கள்.

நோய் வந்த வருடங்களை மலரில் எழுதுவதா என்று யோசிப்பீர்கள். வளையல் பேச்சு வேண்டாம், அது வீட்டோடு இருக்கட்டும். அட்டெண்டன்ஸை எழுதுங்கள். எல்லாவற்றையும் நோய் துடைத்துக்கொண்டு போன பிறகும் ஒரு ஆசிரியையிடம் கடைசியாக மிச்சம் இருந்தது ஒரு வகுப்பின் 38 பிள்ளைகள், அவர்களை அவர் தினமும் சாயங்காலம் எண்ணிச் சரிபார்த்துக்கொண்டே இருந்தார். இதைவிடப் பெரிய வரி எந்த மலரிலும் வராது.

அந்தப் பட்டியல் இப்போது யாரிடம் இருக்கிறது என்று யோசித்தீர்களா? 1974-இன் வருகைப் பதிவேடு பள்ளிக்கூடத்தில் இருக்கிறதோ, கரையான் அரித்ததோ. அத்தையும் போய்விட்டார். அடுத்த பெயர் எது என்று அவருக்கு முன்னால் உங்களுக்கு வந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே உட்கார்ந்து ஒன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை எழுதிவிடுங்கள், மறப்பதற்கு முன்னால். நோட்டின் முதல் பக்கம் அதுவாக இருக்கட்டும்.

அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது அறுபதை ஒட்டிய வயது. பார்க்க வந்து கண் கலங்கினாரே, அவருக்குப் போன் போடுங்கள். அவர் ஒருவர் கிடைத்தால் பத்துப் பேர் கிடைப்பார்கள், பத்துப் பேர் கிடைத்தால் இருபது. சிலர் இல்லாமல் போயிருக்கலாம். படத்திறப்பு அன்றைக்கு அவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லுங்கள். உரையெல்லாம் மற்றவர்கள் ஆற்றட்டும். நீங்கள் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு, அத்தை கூப்பிட்ட அதே வரிசையில் பெயரைக் கூப்பிடுங்கள். வந்தவர்கள் பதில் சொல்வார்கள். வராதவர்களுக்கு யார் பதில் சொல்வது என்று உங்களுக்கே தெரியும், ஏற்கெனவே பழக்கம்தான். தொண்டை அடைத்தால் நின்று, தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிடுங்கள்.

அந்தப் பதினேழாம் நம்பர்காரர் வந்திருந்தால் விழா முடிந்ததும் விட்டுவிடாதீர்கள். ஏன் டீச்சர் உங்கள் பெயரை மட்டும் இரண்டு தடவை கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

— ஆலோசகர்